ஸ்னோ பைக் ரேடியேட்டர்: ஆழப் பனியில் அடிபடாமலும் கொதிக்காமலும் வைத்திருப்பது எப்படி

வெளியே மைனஸ் 15 டிகிரி. இடுப்பளவு பனி. இதில் போய் வண்டி எப்படிச் சூடாகும் என்று வீட்டில் கேட்டார்கள். சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் முதல் சீசனில் நானும் அதையேதான் நம்பினேன்.

பவுடர் பனியில், அதாவது மாவு மாதிரி உதிரியான பனியில், இன்ஜின் சூடே ஏறாது, ரேடியேட்டரை மூடிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு ரேடியேட்டர்களுக்கும் டக்ட் டேப்பை நீளநீளமாக ஒட்டிக்கொண்டு கனடாவின் ரெவல்ஸ்டோக் பக்கம் ஒரு மலைக்குப் போனேன். மேலே இருந்தவரை வண்டி குதிரை மாதிரி ஓடியது. சாயங்காலம் இறங்கி, இறுகிய காட்டுச் சாலையில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த தம்பி பக்கத்தில் வந்து கத்தினான்: “அண்ணா, உங்க வண்டியிலருந்து புகை வருது!”

“பனி பட்டு ஆவியா போகுதுடா, வா!” என்றேன்.

ரெண்டு நிமிஷத்தில் ஹெல்மெட்டுக்குள் ஒரு தித்திப்பான வாடை வந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆவியாகும் வாடை அது. தெரிந்தவர்கள் உடனே வண்டியை நிறுத்துவார்கள். நான் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். இன்ஜினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போனது.

அன்று பழுது டேப்பில் இல்லை. டேப் ஒட்டியபடியே பவுடர் பனி இல்லாத இறுகிய சாலைக்கு வந்ததுதான் தப்பு. ஸ்னோ பைக்கில் ரேடியேட்டர் ஒரே நாளில் இரண்டு எதிரெதிர் ஊர்களில் வாழ்கிறது. ஒன்றில் அளவுக்கு மீறிக் குளிர்கிறது, இன்னொன்றில் காற்று போதாமல் திணறுகிறது. இரண்டுக்கும் சேர்த்து வண்டியைத் தயார் செய்வது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், பனியில் நடப்பது என்ன

ஸ்னோ பைக் என்பது பெரும்பாலும் 450 சிசி மோட்டோகிராஸ் வண்டிதான். முன்சக்கரத்துக்குப் பதில் ஒற்றை ஸ்கீ, பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டிராக். வண்டியை இப்படி மாற்றும் கிட்களைப் பரவலாக்கிய டிம்பர்ஸ்லெட், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சாண்ட்பாயின்ட் என்ற சின்ன ஊரில் வளர்ந்த நிறுவனம். 2015-இல் பொலாரிஸ் அதை வாங்கியது. 2017-இல் ஆஸ்பெனில் நடந்த எக்ஸ் கேம்ஸில் ஸ்னோ பைக் பந்தயமும் சேர்ந்தது. விளையாட்டு இவ்வளவு வளர்ந்தாலும் கூலிங் மட்டும் கோடைகால மண் பாதைக்காக வடிவமைத்த அதே கூலிங்தான்: முன்ஃபோர்க்குக்குப் பின்னால் இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு சின்ன ரேடியேட்டர்கள். ஸ்கீ கிளப்பும் பனி நேராக அவற்றின் முகத்தில் வந்து அடிக்கும்.

ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் போகும். ஒரு கிலோ காற்றை 40 டிகிரி சூடாக்கக் கிட்டத்தட்ட 40 கிலோஜூல் போதும். அதனால் ஓடும் வண்டியில் பவுடர் பனி வந்து மோதிக்கொண்டே இருந்தால், காற்றை நம்பி வடிவமைத்த ரேடியேட்டர் பல மடங்கு வெப்பத்தை இழக்கிறது. கூலன்ட் 40 டிகிரியைக்கூடத் தாண்டாமல் கிடக்கும்.

“குளிர்ந்தால் நல்லதுதானே?” இல்லை. குளிர்ந்த இன்ஜினுக்கு ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும், டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் பங்க் வாடை அடிக்கும், ஈரம் சேர்ந்து ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்னும் மோசம்: சூடாகி விரிந்த பிஸ்டன், திடீரென்று குளிர்ந்து சுருங்கிய சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் ஜாம்.

அடுத்தது இதற்கு நேர் எதிர். மெதுவாக ஏறும்போதோ சிக்கி நிற்கும்போதோ ரேடியேட்டரின் முகத்தில் பனி அடைந்துவிடும். ரேடியேட்டரின் மெல்லிய தகடான ஃபின்னைத் தொட்ட பனி உருகி, அந்தத் தண்ணீர் வெளிப்பனியில் ஊறி உறைந்து ஓடாகும். ஃபின்னுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழும். இப்போது பனி ஃபின்னைத் தொடவும் இல்லை, காற்றை உள்ளே விடவும் இல்லை. சுற்றிலும் காற்றை அடக்கிய பனி, கம்பளி மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எஸ்கிமோ குடிலின் தத்துவமேதான். ஒருமுறை ரேடியேட்டரின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியான ஷ்ரவுடைக் கழற்றியபோது அந்த ஓடு முழுசாகக் கையில் வந்தது. உள்பக்கத்தில் ரேடியேட்டரின் வடிவம் அச்சு வார்த்த மாதிரி வழவழவென்று பதிந்திருந்தது. பனிக்குள் புதைந்தபடியே வண்டி கொதிப்பது இப்படித்தான்.

படி 1: மீட்டர் இல்லாமல் எதையும் மூடாதீர்கள்

ரேடியேட்டரை மூடும் கவர் வாங்குவதற்கு முன், அடி தாங்கும் பிரேஸ் வாங்குவதற்கு முன், டெம்பரேச்சர் மீட்டர் வாங்குங்கள். கூலன்ட் ஹோஸை வெட்டி நடுவில் பொருத்தும் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். ஃபின்களுக்கு இடையில் செருகும் சென்சாரும் உண்டு. பனியில் அதை நம்ப முடியாது, அது இன்ஜினை அளப்பதைவிட மேலே ஒட்டிய பனியைத்தான் அளக்கும்.

சென்சார் இருக்க வேண்டிய இடம், சிலிண்டர் ஹெட்டிலிருந்து கூலன்ட் வெளியேறும் ஹோஸ். தெர்மோஸ்டாட் (சூடு ஏறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குள் விடாத வால்வு) போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால், இன்ஜின் பக்கம். தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் வைத்தால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது மீட்டர் 30 டிகிரி என்று சமர்த்தாகக் காட்டும்.

நான் வைத்திருக்கும் கணக்கு: 75 முதல் 90 வரை நிம்மதி. 60-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் கவர் போட வேண்டும். 100 தாண்டினால் கவரைத் திற, வேகம் மாற்று. 110 என்றால் பேச்சே கிடையாது, இன்ஜினை அணைக்க வேண்டும். இன்னொன்று: 105-இல் இருந்த எண் சட்டென்று 70-க்கு விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் தொங்குகிறது என்று அதற்கு அர்த்தம்.

படி 2: தெர்மோஸ்டாட், அதுவும் பைபாஸுடன்

பந்தயத்துக்கென்று செய்த மோட்டோகிராஸ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் சுற்றும். கோடையில் சரி, பனியில் ஆகாது. ஸ்னோ பைக்குக்காக விற்கும் தெர்மோஸ்டாட் கிட்கள் சாதாரணமாக 70 முதல் 80 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை கூலன்ட் பைபாஸ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்கே திரும்பி, இன்ஜினுக்குள் மட்டும் சுற்றும்.

அந்தப் பைபாஸ் ஹோஸ் இல்லாமல் வெறும் தெர்மோஸ்டாட்டை நடுவில் செருகி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். கூலன்ட் நகராமல் நின்றால் ஹெட்டில் ஒரு இடம் மட்டும் கொதிக்கும், தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியவே தெரியாது. கடைசியில் திறக்கும்போது பனியில் ஊறிய கூலன்ட் மொத்தமாக இன்ஜினுக்குள் பாயும். பைபாஸ் இருந்தால் சூடும் குளிரும் கலந்து மெதுவாகப் போகும்.

பொருத்திய பிறகு காற்றை வெளியேற்றுவதுதான் பொறுமை கேட்கும் வேலை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியே உச்சியில் இருக்கும்படி வையுங்கள். தெர்மோஸ்டாட் தட்டில் ஊசித் துளை இருந்தால் அது மேல்நோக்கி இருக்கட்டும், காற்று அதன் வழியாகத்தான் தப்பும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். கீழ் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். குமிழி நிற்கும்வரை விட்டு, அணைத்து, மூடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த வண்டியில் மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

படி 3: கூலன்ட்

மொத்தமே ஒன்று, ஒன்றேகால் லிட்டர்தான் வண்டியில் நிற்கும். அரை டம்ளர் போனாலும் வித்தியாசம் தெரியும்.

எத்திலீன் கிளைகாலும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. “இன்னும் குளிரான ஊர், அதனால் முழுக்க கிளைகால்” என்று ஊற்றுபவர்கள் உண்டு. கலக்காத கிளைகால் மைனஸ் 13-லேயே உறையும், வெப்பத்தையும் தண்ணீர் அளவுக்குச் சுமக்காது. பாதிக்குப் பாதி, மிஞ்சினால் அறுபதுக்கு நாற்பது. அதற்கு மேல் போக வேண்டாம்.

கலவை நீர்த்துப்போனால் வரும் ஆபத்தை யாரும் சொல்வதில்லை. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலன்ட் அசையாமல் நிற்கிறது. வெளியே மைனஸ் 20, முகத்தில் பனி அடிக்கிறது. கலவை தண்ணியாக இருந்தால் அது ரேடியேட்டருக்குள்ளேயே கூழாகி, உறைந்து அடைத்துக்கொள்ளும். இன்ஜின் 80 டிகிரி வந்து தெர்மோஸ்டாட் திறந்தால் போக வழி இல்லை. ரேடியேட்டர் ஐஸ் கட்டி, இன்ஜின் கொதி. தொட்டுப் பார்த்தால் மேல் ஹோஸ் சுடும், ரேடியேட்டர் சில்லென்று இருக்கும். அதனால் சீசன் தொடக்கத்தில் ஒரு முறையும், வழியில் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு முறையும் கலவையின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சின்னக் கருவி, விலையும் அதிகமில்லை.

ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கர் வெயிட்டின் வேலையைத்தான் செய்கிறது, உள்ளே அழுத்தம் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஆனால் அது கூட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே. 2000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதே மூடி அங்கே தரையில் தரும் பாதுகாப்பைத் தராது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மலையில் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு சீசனுக்கு ஒரு மூடி மாற்றிவிடுகிறேன்.

பந்தய வண்டிகளில் ஓவர்ஃப்ளோ டேங்க் பெரும்பாலும் இருக்காது. பொங்கிய கூலன்ட் ஹோஸ் வழியாகத் தரையில் ஊற்றும், திரும்பி வராது. சின்ன டேங்க் ஒன்று பொருத்தினால் நல்லது. குறைந்தபட்சம், அந்த ஹோஸின் நுனி பனியில் உரசி ஐஸ் அடைக்காதபடி உள்ளே தள்ளிக் கட்டுங்கள்.

படி 4: அடி தாங்க பிரேஸ்

பனியில் விழுந்தால் மெத்தையில் விழுந்த மாதிரி என்பது பாதி உண்மை. மெத்தைக்குக் கீழே மரக்கட்டையும் பாறையும் இருக்கும். ஆழப் பனியில் வண்டி பக்கவாட்டில் படுக்கும்போது ஷ்ரவுட் வளைந்து ரேடியேட்டரை உள்ளே தள்ளும். தூக்கி நிறுத்த ஷ்ரவுடையே பிடித்து இழுப்போம், அதுவும் வளைக்கும்.

அலுமினிய பிரேஸ் வாங்கும்போது ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: அது ரேடியேட்டரை மட்டும் சுற்றிக் கட்டுகிறதா, ஃபிரேமோடு சேர்த்துப் பிடிக்கிறதா? ஃபிரேமைப் பிடிப்பதுதான் விழுந்தால் தாங்கும். முன்பக்கத்தில் நுண்ணிய வலை உள்ள கார்டு கல்லுக்கு நல்லது, பனிக்கு எமன். வலைக்கண் ஒவ்வொன்றிலும் பனி ஒட்டி ஒரு மணி நேரத்தில் சுவராகிவிடும். பனிக்காலத்துக்கு வலையைக் கழற்றி வையுங்கள், பக்க பிரேஸ் மட்டும் போதும்.

வளைந்த ஃபின்களைப் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் நிமிர்த்தலாம். ஐஸைக் குத்தி எடுக்க ஸ்குரூடிரைவரை மட்டும் எடுக்காதீர்கள். ஃபின்னுக்கு அடுத்து இருப்பது காகிதம் மாதிரி மெல்லிய குழாய்.

படி 5: கவர் — திறந்து மூடும்படி

தெர்மோஸ்டாட் இருக்கும்போது கவர் எதற்கு? தெர்மோஸ்டாட் கூலன்ட்டை மட்டும் கவனிக்கும். கிராங்க்கேஸ், ஆயில், த்ராட்டில் பாடி எல்லாம் பனியில்தான் நனைகின்றன. ஃபின்களில் பனி நேராக மோதி ஓடு கட்டுவதையும் கவர்தான் தடுக்கும்.

நியோபிரீன் அல்லது ரெக்சின் மாதிரித் தடித்த துணியில், வெல்க்ரோ வைத்து, கையுறையைக் கழற்றாமலே திறக்கும்படி இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விடாப்பிடி. மைனஸ் 15-இல் விரலை வெளியே எடுக்க வேண்டும் என்றால் யாரும் திறக்க மாட்டார்கள், நானும் மாட்டேன். டேப்பின் பிரச்சினையே அதுதான்.

மூட வேண்டியது ரேடியேட்டரின் முகத்தை மட்டும். முதுகு திறந்தே இருக்கட்டும், உள்ளே வந்த காற்று வெளியேற வழி வேண்டும். முதல் நாள் ஒரு பக்கம் முழுசாகவும் மறுபக்கம் பாதியும் மூடி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். பவுடரில் 75-க்கு மேலே நின்றால் அதுவே உங்கள் அளவு. என் நண்பரின் வண்டிக்கு முழுசாக மூட வேண்டியிருக்கிறது, எனக்குப் பாதி போதும். ஓட்டும் விதம் வேறு.

சைலன்சர் பைப் இன்ஜினிலிருந்து வெளிவரும் இடத்தைப் பார்த்துக் கட்டுங்கள். துணி அதில் உரசினால் உருகி ஒட்டிக்கொள்ளும். யமஹா ஒய்இஸட்450எஃப் மாதிரி 2010-இலிருந்து சிலிண்டரைத் திருப்பி வைத்த வண்டிகளில் சைலன்சர் பைப் பின்பக்கம் போகிறது, காற்று உறிஞ்சும் இடம் முன்பக்கம் வருகிறது. அங்கே ரேடியேட்டர் கவர் காற்று வழியை மறைக்காதபடியும், பனி உறிஞ்சும் இடத்துக்குள் போகாதபடியும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஷ்ரவுடின் உள்பக்கம் சிலிகான் ஸ்பிரே அடித்தால் பனி ஒட்டுவது குறையும். ஃபின்களில் அடிக்காதீர்கள்.

படி 6: ஓட்டும்போது

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பவுடரில் பாய வேண்டாம். 60 டிகிரி வரட்டும். காட்டுச் சாலையில் போகும்போது கவர் திறந்திருக்க வேண்டும், பனிக்குள் இறங்கும் இடத்தில் நின்று மூட வேண்டும், திரும்பும்போது மறுபடி திறக்க வேண்டும். மறக்காமல் இருக்க நான் ஹேண்டில்பாரில் சிவப்பு நாடா ஒன்று கட்டியிருக்கிறேன்; கவர் மூடியிருந்தால் அது வெளியே தொங்கும்.

சிக்கிக்கொண்டால்தான் வண்டி அதிகம் வேகும். கிளட்சை அரைகுறையாகப் பிடித்து ஆக்சிலரேட்டரை முறுக்கினால் டிராக் இன்னும் ஆழமாகத் தோண்டும், காற்று இல்லை, வெப்பம் ஏறுகிறது. இரண்டு முயற்சிதான். அப்புறம் இன்ஜினை அணைத்து, ஷவலை எடுத்து டிராக்குக்கு முன்னால் வழி வெட்டுங்கள். வெளியே வந்ததும், ஏதாவது செய்வதற்கு முன், ரேடியேட்டர் முகத்தில் கைவிட்டு அந்த ஐஸ் ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று ஜாக்கெட் பையில் இருந்தால் போதும்.

கூலிங் ஃபேன் போடலாமா என்று கேட்பார்கள். வசந்தகாலத்து ஈரப் பனியில், மெதுவாக மரங்களுக்கு நடுவே ஓட்டுபவர்களுக்கு உதவும். நடுக் குளிர்காலத்தில் இறக்கை ஐஸ் பிடித்து நின்று ஃபியூஸ் போகும் வாய்ப்பே அதிகம்.

கொதித்தே விட்டால்

நிறுத்தும் இடம் முக்கியம். மேலே செங்குத்தான சரிவு இருந்தால் அதன் அடியில் நிற்காதீர்கள்; பனிச்சரிவு வரும் பாதையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ரேடியேட்டரை ஆற்றுவதைவிட, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நகர்வது மேல். பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அமைப்பான அவலாஞ்ச் கனடாவின் அன்றைய எச்சரிக்கையைக் காலையிலேயே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்ஜினை அணையுங்கள். அணைத்த பிறகும் மீட்டர் சில டிகிரி ஏறும், பயப்பட வேண்டாம். கவர்களைத் திறந்து, அடைத்த பனியைத் தட்டி எடுத்து, புதுப் பனியை ரேடியேட்டர் முகத்தில் லேசாக வைத்து வைத்து எடுக்கலாம். ரேடியேட்டர் நாள் முழுக்கப் பனியோடுதான் பழகுகிறது. சிலிண்டரிலும் சைலன்சர் பைப்பிலும் மட்டும் போடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் கோணும், வெடிக்கும். மூடியைத் தொட 50 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். துணி போட்டுத் திறக்கலாம் என்பார்கள். கொதிக்கும் கிளைகால் துணியைத் தாண்டும்.

மட்டம் குறைந்திருந்தால் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை ஊற்றுங்கள், வேறு வழி இல்லை. ஆனால் அன்று இரவு வண்டியை வெளியே நிறுத்துவதற்கு முன் கலவையைச் சரிசெய்தே ஆக வேண்டும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். காலையில் ரேடியேட்டர் பிளந்திருக்கும், வாட்டர் பம்ப் மூடியும் கூடவே போகலாம்.

குழாய் ஒன்று ஓட்டையானால், அந்த ஒரு குழாயை மட்டும் இடுக்கியால் இருபுறமும் நசுக்கி மடித்துவிட்டு மீதியோடு வீடு வரலாம். எபாக்ஸி மாவை நம்பிப் போகாதீர்கள், அந்தக் குளிரில் அது இறுகாது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஷ்ரவுடுகளுக்குப் பின்னால் ஒட்டிய பனியை அப்படியே உருகவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு மூடுங்கள். ஆயிலைப் பாருங்கள்: மட்டம் ஏறியிருக்கிறதா, பெட்ரோல் வாடை இருக்கிறதா. நான் பனிக்காலத்தில் ஓடிய நேரம் 10 மணி ஆனதும் ஆயிலை மாற்றிவிடுகிறேன். பெட்ரோல் வாடை வந்தால் மணிக்கணக்கு பார்ப்பதில்லை. ஆயில் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்தால் கவர் அளவு போதவில்லை, இன்னும் ஒரு பட்டை மூடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது தெர்மோஸ்டாட் இருந்துவிட்டுப் போகட்டும், தப்பில்லை. கவரைக் கழற்றி, வெல்க்ரோவில் சிக்கிய மயிரையும் மண்ணையும் எடுத்து, எந்தப் பக்கம் முழுசு, எந்தப் பக்கம் பாதி என்று மார்க்கரில் அதன் உள்பக்கமே எழுதி மடித்து வைத்துவிடுகிறேன். நவம்பரில் அது எனக்குச் சத்தியமாக ஞாபகம் இருக்காது.